ஆறு நாள் குழந்தை எந்த மாத்திரையைச் சாப்பிட்டது?

போன மாதம் ஸ்டெல்லா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

ஸ்டெல்லா மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவள். எனக்குப் பத்து வருடப் பழக்கம். எட்டாம் மாதமே பிரசவ வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோனார்கள். மலைக்காரர்களுக்குக் ‘கீழே’ என்றால் சேலம். பெண் குழந்தை, எடை குறைவு. ஒரு ஆஸ்பத்திரியில் – பெயர் வேண்டாம் – பச்சிளம் குழந்தைகளுக்கான ஐ.சி.யூ.வில் வைத்தார்கள்.

நான்கு நாள் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் துவண்டது. ஆறாம் நாள் நான் பார்க்கப் போனபோது டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரத்தத்துல கிருமி கலந்திருக்கும்மா. வழக்கமா குடுக்கிற ஆன்டிபயாடிக் எதுவுமே கேக்கல. கடைசியா ஒண்ணு இருக்கு, அதைக் குடுத்திட்டிருக்கோம்.”

அவர் போனதும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள்.

“ஏனுங்கக்கா, மருந்து பழகிப்போனாத்தான் கேக்காதும்பாங்க. இது பொறந்து ஆறு நாளுங்க... ஒரு மாத்திரகூட முழுங்கலீங்களே. இதுக்கெப்படிங்க பழகுச்சு?”

மருந்துக்குப் பழகியது குழந்தையல்ல – கிருமி. பழக்கியது யார்? நாம்தான்!

பழம் பறிக்கிற சீசனில் யாருக்காவது காய்ச்சல் என்றால் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் டப்பாவைத் திறந்து ஒரு கலர் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுப்பார். ஒரே ஒன்று! ஆள் குறையக்கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. ஒண்டிக்கடை பஜாருக்கு வந்தால் மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுகூடக் கேட்பதில்லை. காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரைகள் மாதா படத்துக்குப் பின்னால் போய்விடும் – அடுத்து யாருக்காவது உதவுமாம். நான் மட்டும் யோக்கியமா? என் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டை வைக்கிற இடத்தில், அரை அட்டை இருக்கிறது. அரைகுறையாக அடிவாங்கித் தப்பித்த கிருமி அடுத்த முறை மருந்தைப் பார்த்துப் பயப்படுமா என்ன?

சரி, அந்தக் கிருமி ஐ.சி.யூ.வுக்குள் தானாக நடந்தா போகும்? யாரோ ஒருவர் கையில்தான் போகிறது.

ஸ்டெல்லா முழங்கை வரை சோப்புப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். நான் போன அன்றைக்கு வளையலைக் கழற்ற மறந்துவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். வாங்கட்டும், விதி விதிதான். ஆனால் அதே மதியம் நிர்வாகத்துப் பெரிய மனிதர் ஒருவர் நாலு விருந்தாளிகளோடு வந்தார். புது மெஷினைக் காட்டவாம். ஷூ போட்ட காலோடு! குழந்தைகள் படுத்திருந்த கண்ணாடிப் பெட்டிகளைத் தட்டித் தட்டி விளக்கினார். குழாய்ப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அத்தனை குழந்தைகளுக்கும் ஒற்றை ஆளாக அல்லாடிக்கொண்டிருந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே நின்று பார்த்த நானும் வாயைத் திறக்கவில்லை. வாராவாரம் இந்தப் பத்தியில் இவ்வளவு வாய் பேசுகிறேன்... அங்கே ஊமை. நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

உள்ளே இருந்த ஸ்டெல்லாதான் கேட்டாள்.

“ஏனுங்க சார், நீங்க கை கழுவலீங்களா?”

“நாங்க குழந்தையத் தொடலையேம்மா” என்று சிரித்தார் அவர்.

“பொட்டியத் தொட்டீங்களே சார். அதையேதான நர்ஸம்மா தொடுவாங்க... அப்பறம் பாப்பாவத் தொடுவாங்க.”

எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவளுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. சிரிப்பு நின்றது. அடுத்த நிமிடம் வெளியே அனுப்பப்பட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டெல்லா!

ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி கொடுத்த பேப்பரை நீட்டி, “இங்கிலீசுல இருக்குதுங்கக்கா, படிச்சுச் சொல்லுங்க” என்றாள். இறப்புக்குக் காரணம் – குறைமாதப் பிரசவம். அவ்வளவுதான். முன்னும் பின்னும் புரட்டினேன். கிருமியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை!

உள்ளதைப் படித்துச் சொன்னேன். பேப்பரை வாங்கி மடித்தாள்.

“எட்டு மாசத்துலயே பெத்தது நாந்தானுங்களே... அப்ப நாந்தானுங்களாக்கா கொன்னுபோட்டேன்?”

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டவர் மலையேறி வந்து அவளுக்குப் பதில் சொல்லட்டும்.