அப்பாவின் இடது கையும் வெங்காய விலையும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, உங்களில் பலர் எங்கள் அப்பாவின் இடது கை மடங்காமல் போனது பட்டறை விபத்தில் என்றே நினைத்திருப்பீர்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்லி வந்தார். அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளில், மகளான நான் உண்மையை எழுதிவிடுகிறேன்.

வாணியம்பாடிக்குப் பக்கத்துச் சிற்றூரில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் அப்பா. தந்தையை இழந்து, பதினேழு வயதில் பெங்களூருக்கு வந்து, பொம்மனஹள்ளியில் லேத் பட்டறையில் சேர்ந்தார். தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகே திருமணம் செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் தம்பியையும் கடைக்கு அழைத்துப் போவார். ஒரு காய் வாங்க மூன்று கடைகளில் எங்களை விலை கேட்க வைப்பார். "போன வாரம் என்ன சொன்னாங்க? இப்ப ஏன் ஏறிச்சு? நீயே கேளு பாப்பா" என்பார். கடைக்காரர்களிடம் கன்னடத்தில்தான் கேட்போம்.

1991 டிசம்பரில் காவிரித் தகராறில் நகரம் பற்றி எரிந்தது. எனக்கு எட்டு வயது. எங்கள் தெருமுனையில் ஒரு தமிழரின் சைக்கிள் கடையைக் கொளுத்தினார்கள். டயர் கருகிய நாற்றம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஒரு காலை ஊரடங்கைச் சிறிது நேரம் தளர்த்தினார்கள். வீட்டில் சமைக்க ஒன்றுமில்லை. "குழந்தையோட போனா யாரும் தொடமாட்டாங்க" என்று அம்மா என்னையும் அப்பாவுடன் அனுப்பினார். தமிழ் பேசாதே என்றும் சொல்லித்தான் அனுப்பினார்.

வெங்காயம் கிலோ பன்னிரண்டு ரூபாய் என்றார் கடைக்காரர்.

"அப்பா, போன வாரம் மூணு ரூபாதானே?" என்று தமிழில் உரக்கக் கேட்டுவிட்டேன்.

வரிசையில் நின்ற ஒருவன் என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். வாயெல்லாம் இரத்தம். அப்பா என்னைக் கீழே தள்ளி என்மேல் கவிழ்ந்துகொண்டார். உதை விழும்போதெல்லாம் அவர் உடம்பு அதிர்வது என் முதுகில் தெரிந்தது. யாரோ தராசிலிருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்தான். என் தலையை மூடியிருந்த அப்பாவின் கையில் அது இரண்டு முறை இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

கடைக்காரரின் மனைவி கௌரம்மா எங்களை உள்ளே இழுத்துவிட்டு, தான் வெளியே நின்று ஷட்டரை இறக்கினார். "இவங்க நம்ம வீட்டு ஜனம். மொதல்ல என்னை அடிங்க" என்று அவர் கன்னடத்தில் சொன்னது உள்ளே கேட்டது. அடித்தார்கள். போலீஸ் வேன் வந்தபோது அவர் நெற்றி கிழிந்திருந்தது.

அந்தக் கையால் அப்பா மறுபடி லேத் பிடிக்கவில்லை. பாதிச் சம்பளத்தில் அதே பட்டறைக்கு வாட்ச்மேன் ஆனார். நானோ கடை வாசலை மிதிக்கவே மறுத்தேன். ஒரு வருடம் பொறுத்திருந்த அப்பா, அதே கடைக்கு என்னைக் கூட்டிப் போனார்.

"கேளு பாப்பா."

"நான் கேட்டதாலதானே உங்க கை போச்சு?"

"அடிச்சவனாலதான் போச்சு. நீ கேட்டது நியாயம். பன்னண்டு ரூபா அநியாய விலை."

முதல் முறை குரல் எழும்பவில்லை. மறுபடி கேட்டேன். கௌரம்மா விலை சொல்லும்வரை அப்பா பக்கத்திலேயே நின்றார்.

சிறுநீரகம் பழுதான கடைசி ஆறு மாதமும் அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன், இரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்கள், இறுதி நாளில் அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்ட கௌரம்மா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எனக்கும் இப்போது ஒரு மகள் இருக்கிறாள். கடையில் அவள் தமிழில் விலை கேட்டால், என் கை தானாக அவள் வாயைப் பொத்திவிடுகிறது. அப்பா ஒரு நாளும் என் வாயைப் பொத்தியதில்லை.