பதினோராம் கட்டிலில் இருந்து வந்த கேள்விகள்

பிரியமான சகோதர சகோதரிகளே, இந்தச் சபையில் நான் சாட்சி சொல்ல எழும்புவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை சொன்னது பிழையாய்ப் போய்விட்டது. அன்றைக்கு அதைக் கேட்ட சிலர் இப்பவும் முன்வரிசை வாங்கில் இருக்கிறீர்கள். இவ்வளவு காலமும் மறந்த மாதிரி நடந்துகொண்டதற்கு முதலில் நன்றி.

அது ஒரு றாத்தல் பாண் வாங்கச் சனம் விடிய முதல் வரிசையில் நின்ற பஞ்ச காலம். தாதிப் பயிற்சியின் கடைசி வருஷத்துக்கு நாங்கள் நாலு பேர் திருகோணமலைக்கு வந்திருந்தோம். எல்லோரும் வெளியூர். நான் கல்முனை. இறுதிச் சோதனையில் பாஸ் பண்ணினால்தான் தாதியாகப் பெயர் பதிவார்கள். எங்களுக்குக் கிடைத்தது இரண்டே தரம். இரண்டாவதும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் நான் கொப்பியைத் திறந்தேன். அதுவும் என்னுடைய கொப்பி இல்லை. எங்களுக்கு மூத்த பிள்ளைகள் கைமாறிக் கைமாறி எழுதி வைத்த கொப்பி. அதை முழுக்கப் பாடமாக்கினேன். மிச்சத்துக்கு உபவாசம் இருந்தேன். படித்த பக்கத்திலேயே கேள்வி வரவேண்டும் என்று ஆண்டவரைப் போட்டு நெருக்கினேன். முந்தின ஞாயிறு இங்கே எழும்பி, "விசுவாசத்தில் நான் பாஸ் பண்ணிவிட்டேன்" என்றும் சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

செய்முறைச் சோதனையில் காயம் ஒன்றுக்கு மருந்து கட்டச் சொன்னார்கள். கொப்பியில் இருந்தபடியே செய்தேன். சோதிக்க வந்த அம்மா, "ஏன் அப்படிச் செய்யிறீர்?" என்று கேட்டார். எப்படிச் செய்வது என்று கொப்பியில் இருந்தது. ஏன் என்று இருக்கவில்லை. அந்த இடத்தில் தவறினேன்.

மற்ற மூன்று பேரும் பாஸ். நியமனம் கிடைத்து ஆளுக்கொரு ஊராய்ப் போய்விட்டார்கள். மறு சோதனை வரைக்கும் நான் மட்டும் ஆஸ்பத்திரியில் பயிற்சியைத் தொடர்ந்தேன். எங்கள் அறையில் நாலு கட்டில். மூன்றில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உடுப்பு மாற்றுவேன், அந்தக் கட்டில்களைப் பார்க்க ஏலாது. "மகள், உனக்கு எந்த ஊர் கிடைச்சது?" என்று ஊரில் இருந்து அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. இங்கே ஆராதனைக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய். லீவு நாள்தான். கோட்டைப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒரு நாள் முழுக்க ஒரு மனுஷரோடும் வாய் திறக்காமல் அறைக்குத் திரும்பிய ஞாயிறுகள் உண்டு.

அப்படி ஒரு ஞாயிறு அங்கே இருந்து அழுதேன். "ஆண்டவரே, எனக்குக் கதைக்க ஒரு ஆளும் இல்லை. படிப்பிக்க ஒரு ஆளை அனுப்பும்." அவ்வளவுதான் கேட்டேன். கேள்வித்தாளைப் பற்றிக் கேட்க வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமை என் வாட்டில் பதினோராம் கட்டிலுக்கு ஆசியா உம்மா வந்தார். மூதூர்க்காரி. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அதனால் காலில் ஆறாத புண். ஒரே மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அதோடு மாரி மழை பிடித்தது. கடல் கொந்தளித்து மூதூருக்கு ஓடும் லோஞ்ச் படகு நின்றுபோனது. உம்மாவைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

உம்மாவின் கேள்வி எங்களைக் கொன்றுவிடும்.

"மிஸி, ஏன் புள்ள நடுவுல இருந்து வெளிய துடைக்கிறீங்க? வெளிய இருந்து உள்ளுக்குத் துடைச்சா என்ன?"

"உம்மா, சும்மா இருங்கோ. எனக்கு வேலை கிடக்கு."

உம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காலை மட்டும் என் பக்கம் நீட்டி வைத்திருந்தார். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. உண்மையில் எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. பதில் தெரியாது, அதுதான் விஷயம். அன்று பின்னேரம் கொப்பியை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

அடுத்த நாள் காலையில், "உம்மா, வீடு கூட்டக்குள்ள முற்றத்துக் குப்பையை அறைக்குள்ள தள்ளுவமா? அதுதான் நடுவில இருந்து துடைக்கிறது" என்றேன்.

"அப்ப ஒரு பஞ்சை ஏன் ரெண்டு தரம் எடுக்கிறதில்ல?"

இப்படித்தான் தொடங்கியது. கட்டை இறுக்கினால் என்ன? ஊசி போட்டுவிட்டு ஏன் சாப்பிடச் சொல்லுகிறீர்கள்? கால் ஏன் மரத்துப் போகிறது? காலையில் கேள்வி, பின்னேரம் புத்தகம், மறுநாள் பதில். மறு சோதனைக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. நான் சோதனைக்குப் படிக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. உம்மாவுக்கு என்ன சொல்வது என்பதுதான் யோசனை.

மாரி அடங்கி லோஞ்ச் ஓடத் தொடங்கியது. புண்ணும் காய்ந்து வந்தது. கூட்டிப்போக மகன் வந்து நின்றான்.

"உம்மா, நீங்கள் கேட்டபடியால்தான் நான் படிச்சனான்" என்றேன்.

உம்மா என் கையைப் பிடித்தார். "எனக்கு நீங்க சொன்னதுல பாதி விளங்கல்ல மகள். மருந்து கட்டி முடிஞ்சா போயிருவீங்க. பதில் சொல்லக்குள்ள பக்கத்துல நிப்பீங்க. அதுக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்தன். கதைக்க ஒரு ஆளத் தா எண்டு அல்லாஹ்கிட்ட துஆ கேட்டிருந்தன்."

நான் கடற்கரையில் அழுது கேட்டதும் அதைத்தான். அவர் கட்டிலை விட்டு இறங்க ஒரு கை கொடுத்தேன், அவ்வளவுதான்.

மறு சோதனைக்கும் முதல் தடவை சோதித்த அதே அம்மா வந்திருந்தார். அதே காயம், அதே "ஏன்?" நான் வீடு கூட்டுகிற கதையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது எந்தப் புத்தகத்தில இருக்கு?"

"புத்தகத்தில இல்லை அம்மா. ஒரு நோயாளிக்கு விளங்கப்படுத்தினது."

அதற்குப் பிறகு அவர் கேட்ட எதற்கும் நான் தடுமாறவில்லை. பாஸ் என்று அறிவித்த அன்றைக்கே கல்முனைக்கு, என் அம்மாவுக்கு எல்லா உண்மையையும் எழுதினேன். முதல் லீவு நாளில் லோஞ்ச் ஏறி மூதூருக்குப் போனேன். அன்றைக்குக் கட்டுவதற்கு மருந்து ஒன்றும் இல்லை. பின்னேரம் வரைக்கும் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன்.

இப்போது என் வாட்டுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், "மிஸ், சோதனைக்கு எப்ப தொடங்கிப் படிக்க வேணும்?" என்று கேட்பார்கள். முதல் நாள், முதல் கட்டிலில் தொடங்குங்கள் என்பேன். நோயாளி ஏன் என்று கேட்டால் ஓடாதீர்கள், தெரியாவிட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்த் தேடுங்கள் என்பேன். ஜெபத்தையும் விடாதீர்கள். ஆண்டவர் எனக்குக் கேள்வித்தாளைக் காட்டவில்லை. கேட்கிற ஒரு ஆளை அனுப்பினார். நான் அந்த ஆளைச் சும்மா இருங்கோ என்று அதட்டியும் அவர் அனுப்பியதைத் திருப்பி எடுக்கவில்லை. அந்த இரக்கத்துக்கு என் சீவன் உள்ளமட்டும் நன்றி சொல்வேன். நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. கடைசி வாங்கில் ஒரு பயிற்சிப் பிள்ளை மூன்று ஞாயிறாகத் தனியே வந்து இருந்துவிட்டுப் போகிறாள். ஆராதனை முடிந்து அவள் வெளிக்கிடுவதற்கு முதல் யாராவது போய் அவளிடம் ஏதாவது கேளுங்கள்.