ஒரே அளவுச் சட்டை

வெள்ளவத்தைத் தையற்காரரிடம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவுச் சட்டைதான் இருந்தது. எனக்கும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சாளுக்கும். அவள் என் கணவரின் தங்கச்சி, என்னைவிட நாலு வயது இளையவள். கலியாண வீடு வந்தால் சேலைச் சட்டைத் துணியைக் கொடுத்து, "பழைய அளவுதான்" என்று சொல்லிவிட்டு வருவோம். அதில் எனக்குத்தான் பெருமை கூடுதல்.

இந்த முறை என் சட்டை முழங்கையைத் தாண்டவில்லை. அதே துணி, அதே அளவு, அவளுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"மூச்சை உள்ளுக்கு இழுங்கோ மச்சாள்," என்று சிரித்தாள்.

எப்படிச் சிரிப்பேன்? கைப்பையில் இரத்தப் பரிசோதனைத் தாள் கிடந்தது. சீனி, நீரிழிவின் எல்லையில் நிற்குதாம். அம்மாவின் கால்விரலை எடுக்க வைத்த வருத்தம் அது. ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று அவள் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு இடியப்பம், சொதி, பிறகு இனிப்புக்கு வட்டிலப்பம். அந்த இடுப்பில் எதுவும் தங்கவில்லை. கடல் போலக் கொண்டுபோய்விடுகிறாள், நான் மட்டும் கரை போலச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஒளிச்சுப் பட்டினி கிடக்கிறியோ?"

"எனக்கேன் பட்டினி? மூண்டு வருசமா லூப். ஹோர்மோன் லூப். ஊசி மாதிரி உடம்பு வைக்கேல்லை."

மூன்று வருடம்! இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு, இன்னொன்று தங்காமலிருக்க என்ன செய்யலாமென்று என்னிடம்தான் யோசனை கேட்டாள். "லூப் எங்கேயாவது ஏறிப்போயிடுமடி, என்னைப்போல மூண்டு மாசத்துக்கொருக்கா ஊசி போடு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவள்.

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கோவிப்பியளெண்டு."

கோபம் இல்லை அது. நான் பயந்து விட்டுவிட்டதை அவள் பயப்படாமல் எடுத்துக்கொண்டாள். என் சொல்லைக் கேட்காததால் நல்லாயிருக்கிறாள். நாக்கின் அடியில் அது புளித்துக்கொண்டே கிடந்தது.

அடுத்த ஊசி போடவேண்டிய நாளில் டொக்டரிடம் தாளை நீட்டினேன். எல்லாம் ஊசியால் வந்தது என்று அவர் சொல்லவேண்டும், அது போதும் எனக்கு.

"ஊசி மருந்து உடம்பு முழுக்க ஓடும். சிலருக்கு உடம்பு நிறை ஏறும், சீனியையும் கொஞ்சம் அசைக்கலாம். லூப்பின்ர ஹோர்மோன் பெரும்பாலும் கருப்பையோட நிக்கும், இரத்தத்துக்குப் போறது கொஞ்சம்தான். ஆனா எல்லாப் பழியையும் ஊசியில போடாதேங்கோ. வயசு இருக்கு, அம்மாவுக்கும் இருந்திருக்கு. நடக்கிறியளோ?"

கடற்கரைக்கு ஐந்து நிமிடத்தில் இருக்கிறேன். நடப்பதில்லை.

"லூப் போட்டா மெலிவனோ?"

"அதுக்கு நான் பொறுப்பில்லை," என்று சிரித்தார்.

ஊசி போடாமல் வந்தேன். லூப் போட வியாழக்கிழமை. துணைக்கு ஒரு ஆள் வந்தால் நல்லம் என்றார்கள். கணவர் வந்தால் வெளியில் ஃபோனோடு இருப்பார். வேறு யாரை யோசித்தாலும் ஒரே முகம்தான் வந்தது. இரண்டு தரம் நம்பரை எடுத்து, இரண்டு தரம் வைத்தேன். மூன்றாம் தரம் மச்சாளை அழைத்தேன்.

"வியாழக்கிழமை என்னோட வாறியா? லூப் போட."

சிரித்துவிட்டாள். "ஏறிப்போயிடுமெண்டு சொன்னது ஆர்?"

"நான்தான். சீனி எல்லையில நிக்குதடி."

சிரிப்பு நின்றது. "ஏன் மச்சாள் சொல்லேல்லை?"

"நீ சிரிப்பாயெண்டு."

வந்தாள். உள்ளே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது தையற்காரரிடம் கூட்டிப்போனாள். அவர் என்னைச் சுற்றி நாடாவைப் பிடித்து, "இவவுக்கும் இதே அளவுதானே?" என்று கேட்டார்.

மச்சாள் பதிலை எனக்கு விட்டுவிட்டு நின்றாள்.

"இல்லை," என்றேன். "அவவுக்குப் பழைய அளவு."

சொல்ல எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.