பீச்சாங்கை இறால்

அந்தமானில், மின்னி பே விரிகுடாவில் என் டுங்கிப் படகில் படுத்து, அடிப்பலகையில் காதை வைத்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலச் சத்தம் கேட்கும். புதிதாக வருபவர்கள் படகு விரிசல் விடுகிறது என்று பயந்துவிடுவார்கள். அது சொடுக்கு இறால். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஒரு கொடுக்கு சின்னது, இன்னொன்று பாதி உடம்பு அளவுக்குப் பெரியது. பெரியதைச் சொடுக்கித்தான் இரையை அடிக்கும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்து, துறைமுக ஜெட்டியில் மூட்டை தூக்கி, இன்று நாலு டுங்கிக்குச் சொந்தக்காரன். இந்தக் கரையில் எந்தக் கல்லுக்கு அடியில் எது குடியிருக்கிறது என்று என்னைக் கேட்காமல் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்.

அப்படித்தான் தூத்துக்குடிக்கார ஆராய்ச்சிப் பெண்ணும் அனுமதிச் சீட்டோடு என்னிடம் வந்தாள். இந்த இறாலில் எத்தனை இனம் இங்கே உண்டு என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. கடல் உள்வாங்கும் வற்றம் பார்த்துக் கூட்டிப்போய், செத்த பவளக் கல் ஒன்றைப் பிளந்து காட்டினேன். உள்ளே பச்சையும் பழுப்புமாக ஒன்று இருந்தது. பெரிய கொடுக்கு இடப்பக்கம். எனக்கும் இடக்கைதான். வாத்தியார் பிரம்பு முறிந்தும் மாறாத கை.

"பாத்தியாம்மா, பீச்சாங்கைக்காரன். இவன் என் இனம்" என்றேன்.

சிரித்தாள். "இந்த நிறத்துல நான் பாத்ததில்ல அங்கிள். புதுசாக்கூட இருக்கலாம். கொடுக்கப் புடிக்காதீங்க, கழட்டி விட்டுடும்."

சுறாவையே தூக்கியவனுக்கு இது எம்மாத்திரம். பிடித்தேன். சுளீரென்றது. கையை உதறினேன். இறால் படகுக்குள் விழுந்தது, கொடுக்கு கடலுக்குள் போனது.

அவள் இறாலைப் பொறுக்கிக் கடல் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விட்டாள். "அந்தக் கொடுக்கோட அமைப்பு தெரியாம இது எந்த இனம்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. உயிரோட இருந்தா மறுபடி மொளைக்கும். நான் நிக்கோபார்ல கேம்பல் பே போய்ட்டு வர வரைக்கும் வெச்சிருப்பீங்களா?"

"நாலு பிள்ளைய வளத்தவன்மா நான்."

"வளத்தது யாரு?" என்று கேட்டாள் என் மனைவி, பிளாஸ்டிக் டப்பாவும் காற்று மோட்டாருமாக நான் வீட்டுக்குள் நுழைந்து இதையே சொன்னதும்.

அன்றே டீக்கடையில் சொல்லிவிட்டேன், புது இனத்துக்கு என் பெயர்தான் என்று. அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினம் காலையில் கடல் தண்ணீர் மாற்றினேன். மீன் துணுக்குப் போட்டேன். சோறு தின்னும்போது பாதியில் எழுந்து போய் டப்பாவைப் பார்த்தேன். கரண்டு போனால் ஓலைவிசிறிக் காம்பால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப வாசல் பக்கம் வந்தீங்களா?" என்றாள் மனைவி.

மீன் விற்கும் பெங்காலிக்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணா, ஜிங்காவுக்கு நாம்கரண் கப்?" என்பான். இறாலுக்குப் பெயர் சூட்டு விழா எப்போது என்கிறான். "உன்னக் கூப்பிடாமலா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடப்பேன்.

பாம்பு மாதிரி அதுவும் சட்டை உரித்தது. மறுபடி உரித்தது. கொடுக்கு முளைத்தது. ஆனால் இடப்பக்கம் முளைத்தது வெறும் குச்சி. வலப்பக்கம் இருந்த சின்னக் கொடுக்கோ பருத்துப் பெரிதாகியிருந்தது.

செத்துப்போனதை எறிந்துவிட்டு வேறொன்றைப் பிடித்து வைத்திருக்கிறான் கிழவன் என்றுதானே ஆராய்ச்சிப் பெண் நினைப்பாள்? இவன் வாய்ப்பந்தல்காரன் என்று ஊரே அவளிடம் சொல்லியிருக்கும். நான் சத்தியம் பண்ணினாலும் எடுபடாது.

அவள் கப்பல் வருகிற அன்று விடிந்ததும் தனியாக டுங்கியை எடுத்தேன். கண்ணில் பட்ட கல்லையெல்லாம் பிளந்தேன். கடைசியில் கிடைத்தது, அதே பச்சை, அதே பழுப்பு, பெரிய கொடுக்கு இடப்பக்கம். வேறொரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து பழையதன் பக்கத்தில் வைத்தேன். பெரிய கொடுக்கு இருக்கும் பக்கத்தைத் தவிர, பெற்றவளாலும் பிரித்தறிய முடியாது.

மனைவி இரண்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "இத்தன நாளா இதுக்குச் சோறு போட்டுட்டு, இப்ப அதக் கொண்டுபோய் குடுக்கப் போறீங்களா?"

வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஆராய்ச்சிப் பெண் வந்து நின்றதும் என் கை தானாகப் பழைய டப்பாவைத்தான் நீட்டியது. இடக்கை.

"வலப்பக்கம் மாறிடுச்சும்மா. நான் மாத்தல."

"மாறும் அங்கிள். பெருசு போச்சுன்னா சின்னது பெருசாகும். சொல்லாமப் போனது என் தப்பு" என்று உட்கார்ந்து, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "கொடுக்கு நல்லா வந்திருக்கு. ஆனா இது ஏற்கெனவே பேர் வெச்ச இனம்தான். நிறத்தப் பாத்து ஏமாந்துட்டேன்."

டீக்கடை கண்முன் வந்தது. அந்த நேரம் பார்த்து, "அது யாரு?" என்று இரண்டாவது டப்பாவைக் காட்டினாள்.

"அது சும்மா, தொணைக்கு" என்றேன். உள்ளே மனைவி இருமினாள்.

அதையும் பார்த்தாள். லென்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். "கண்ணுக்கு மேல முள்ளு இருக்கு. அதுக்கு இல்ல. இது வேற இனம். எனக்குத் தெரிஞ்ச எதுலயும் இது சேரல." குரல் மாறியிருந்தது. "இதுங்க ஜோடியாத்தான் இருக்கும். இதோட ஜோடியும் வேணும். எந்தக் கல்லு அங்கிள்?"

இந்தக் கரையில் எனக்குத் தெரியாத கல் இல்லை. அன்று காலை பிளந்தவற்றில் அது எந்தக் கல் என்று மட்டும் தெரியவில்லை.

"வற்றம் வரட்டும்" என்றேன்.

மறுநாள் டுங்கியில் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பலகையில் காதை வைத்துப் படுத்திருந்தேன். நாலாபக்கமும் கடுகு வெடித்தது.

"எந்தப் பக்கம் அங்கிள்?"

"பேசாம இரும்மா. கேக்க விடு."