சாப்பிடாமல் மிச்சம் பிடித்தது

அந்த வருடம் முழுக்கக் கொலெட்டால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டும்போது மட்டும் உட்கார்ந்தாள், அதுவும் வேறு வழியில்லாததால். வீட்டுக்கு வந்தால் சமையலறைக்கும் கார் ஷெட்டுக்கும் நடப்பாள். துணியை மடிப்பாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

மார்ச் மாதம் அவள் தங்கை மார்சி, கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவள், தள்ளுவண்டியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்து இறந்துபோனாள். இதயம். நாற்பத்தெட்டு வயதுதான். அக்காளும் தங்கையும் ஒரே வார்ப்பு. அகலமான தோள், பெரிய இடுப்பு, ஒருத்தியின் சட்டை இன்னொருத்திக்குப் பொருந்தும். சாவுக்குப் பிறகு மார்சியின் குளிர்கோட்டு கொலெட்டுக்கு வந்தது. போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது.

நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்கிற இடத்தில், இருபது வருடத்துக்கு மேலாக அவள் மஞ்சள் பஸ் ஓட்டிவந்தாள். அந்த மாநிலத்தில் பஸ் ஓட்டுகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உடம்பைக் காட்டித் தேறவேண்டும். பஸ் படியில் வேகமாக ஏறி இறங்க வேண்டும். பின்பக்க அவசரக் கதவு வழியாக இறங்க வேண்டும். கடைசியாக, மயங்கிக் கிடக்கும் பிள்ளையை இழுப்பதாக வைத்துக்கொண்டு, நூற்றிருபத்தைந்து பவுண்டு மூட்டையை அரை நிமிடத்துக்குள் முப்பது அடி இழுக்க வேண்டும். கொலெட்டுக்கு மூட்டை ஒரு பொருட்டே இல்லை. "அவள மூட்டைய இழுக்கச் சொன்னா பஸ்ஸையே சேத்து இழுத்துட்டு வந்துடுவா" என்பான் அவள் கணவன் டெனிஸ். படிதான் அவளுக்குக் கண்டம். போன தடவை மூச்சு வாங்கி, முட்டி வலித்து, மயிரிழையில் தேறினாள். தேர்வு வைக்கும் ரமோனா, "ரெண்டு வருசம் கழிச்சு டிசம்பர்லயும் இப்படி வந்து நிக்காத கொலெட். என் கையால நீ தோத்துட்டன்னு எழுத வச்சுடாத" என்று சொல்லியிருந்தாள்.

வேலை போனால் அதோடு வரும் மருத்துவக் காப்பீடும் போகும். அலுமினியத் தொழிற்சாலையில் முதுகை முறித்துக்கொண்டு வீட்டில் இருக்கும் டெனிஸின் மாத்திரை, ஊசி, வைத்தியம் எல்லாம் அவள் காப்பீட்டில்தான் ஓடின.

மார்சி செத்த ஆறாவது வாரம், அவள் போனில் ஒரு விளம்பரத்தைத் தொட்டாள். உடம்பே சுரக்கிற ஒரு ஹார்மோனைப் போலச் செய்த பெப்டைடு மருந்து. வாரம் ஒரு ஊசி போட்டால் வயிறு நிறைந்துவிட்டதாக உடம்பு நம்பிவிடும். பெரிய கம்பெனியின் பேனா ஊசி மாதம் ஆயிரம் டாலருக்குக் குறையாது, எடை குறைக்க அவள் காப்பீடு அதைத் தராது. இவர்கள் தருவதோ எங்கோ தெற்கே ஒரு மருந்துக்கடை கலந்து, சின்னக் குப்பியில் அடைத்து, பனிப்பொதியோடு அனுப்புவது. முதல் மாதம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

போன் திரையில் வந்த நர்ஸம்மா சிரித்த முகமாக இருந்தாள்.

"படிவத்துல நீங்க எழுதின பதிலெல்லாம் பாத்தேன் கொலெட். நீங்க ரொம்பப் பொருத்தமான ஆளு."

"என் தங்கச்சி இதயம் நின்னு போயிட்டா. எனக்கு ஏதாவது பாக்க வேண்டாமா?"

"ரொம்ப வருத்தமா இருக்கு கேக்க. ரத்தப் பரிசோதனை வேணும்னா சேத்துக்கலாம், அதுக்குக் கட்டணம் தனி."

பேச்சு காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்தில் நின்று எட்டிப்பார்த்த டெனிஸ், "அந்தம்மா காருக்குள்ள உக்காந்து பேசுது. சீட்பெல்ட் தெரியுது பாரு. அடுத்த சிக்னல்ல எனக்கும் ஒரு முதுகு கேட்டு வாங்கிக் குடு" என்றான்.

"சும்மா இருய்யா."

ஊசி வேலை செய்தது. அதை மறுக்க முடியாது. இரண்டாவது வாரமே வறுத்த உருளைக்கிழங்கைப் பார்த்தால் குமட்டியது. கோடையில் முகம் ஒட்டியது. ஆனால் அளவு ஏற ஏற விலையும் ஏறியது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருநூற்று எண்பதானது, இலையுதிர்காலத்தில் முந்நூற்றுத் தொண்ணூறைத் தொட்டது. பனிப்பொதிக்குத் தனி, உறுப்பினர் சந்தா தனி. நிறுத்த வேண்டுமானால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும்.

கொலெட் அதற்கு ஒரு வழி கண்டாள். அந்த ஊசி போட்டவர்கள் பலர் செய்கிற கணக்குதான் அது. சாப்பிடாத சாப்பாட்டின் விலையை மருந்துக்கு வரவு வைப்பது. மதியச் சாப்பாட்டை விட்டாள், வெள்ளிக்கிழமை மீன்பொரியலை விட்டாள். பிறகு பசிக்காதபோது காலைச் சாப்பாடு எதற்கு என்று அதையும் விட்டாள். ஒரு டம்ளர் காப்பி, சாயங்காலம் நாலு பிஸ்கட்.

"மளிகைல இந்த மாசம் இருநூறு மிச்சம். மருந்து தன் காச தானே கட்டிக்குது, பாத்தியா."

"உன் தட்டுல இருந்து எடுத்துக் கட்டுது" என்றான் டெனிஸ். குளிர்பெட்டி நிறைய வேட்டையில் கிடைத்த மான்கறி கிடந்தது. அவன் தனக்கு மட்டும் ஒரு துண்டு வாட்டி, தனியாக மேசையில் உட்கார்ந்து தின்றான். அவள் சுற்றிச் சுற்றி எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். "எதிர்ல வந்து உக்காரு கொலெட். திங்க வேண்டாம். சும்மா உக்காரு."

"உக்காந்தா மார்சி நெனப்பு வருது."

அவன் மீதிக் கறியை வெட்டித் தின்றான்.

பஸ் பணிமனையில் எல்லோரும் புகழ்ந்தார்கள். "யாரு இந்தப் பொண்ணு, புதுசா சேந்திருக்கா?" என்று மெக்கானிக் தினமும் ஒரே ஜோக்கை அடித்தான். தினமும் அவள் சிரித்தாள். நவம்பரில் பஸ்ஸின் கனமான முன்மூடியைத் தூக்கும்போது கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தாள். ஆனாலும் ஊசி அனுப்பும் நிறுவனத்துக்கு அதைச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினாள். அன்றைக்குப் பேசிய நர்ஸம்மா இல்லை, வேறொரு பெயர் பதில் எழுதியது: தண்ணீர் நிறையக் குடியுங்கள், இறைச்சி முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள், எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள். அவள் படித்தாள். ஆனால் சாப்பிட ஆரம்பித்தால் மருந்துக்கு எங்கே போவது?

டிசம்பர் தேர்வு வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. படியில் அவள் பறந்தாள். ரமோனா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடி பாவி, இன்னொரு தடவ ஏறிக் காட்டு, நான் பாக்க ஆசப்படுறேன்" என்றாள். பின்கதவில் பூனைபோல இறங்கினாள். மற்ற ஓட்டுநர்கள் கைதட்டினார்கள்.

பிறகு மூட்டை.

குனிந்து பிடித்தாள். இழுத்தாள். மூட்டை அசைந்தது, நின்றது. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள். தோளில் பிடிமானம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, யாரோ கழற்றி எடுத்துப்போன மாதிரி. பாதி தூரம்கூட வரவில்லை.

"நேரம் ஆயிடுச்சு கொலெட்" என்றாள் ரமோனா, மெதுவாக.

"கை வழுக்கிடுச்சு. இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் வரவில்லை. கைதட்டியவர்கள் தத்தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரமோனா அவளை ஓரமாக அழைத்தாள். "நெருப்புப் பிடிச்ச பஸ்ல ஒரு பிள்ளை கெடந்தா நீ தூக்கணும். இத நான் மறச்சு எழுத முடியாது. ஜனவரி கடைசியில வா. அதுவரைக்கும் ஓட்ட முடியாது. அப்பவும் தேறலன்னா அந்த மாசத்தோட உன் காப்பீடும் முடியுது, தெரியுமில்ல?"

தெரியும். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டாள். நீண்ட இசைக்குப் பிறகு ஒருத்தி வந்தாள்.

"கொழுப்போட கொஞ்சம் தசையும் கரையறது சகஜம்தாங்க. கவலப்படாதீங்க, அதுக்கும் எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. வளர்ச்சி ஹார்மோனத் தூண்டுற பெப்டைடு. தினம் ராத்திரி ஒரு ஊசி. மாசம் இருநூத்தி நாப்பத்தஞ்சு. ரெண்டையும் சேத்து வாங்கினா தள்ளுபடி."

"ஒரு ஊசி தின்னத இன்னொரு ஊசி திருப்பிக் குடுக்குமா?"

"நிறைய பேருக்கு உதவியா இருந்திருக்கு."

"ஜனவரிக்குள்ள மூட்டைய இழுப்பேனா?"

"எந்த மூட்டைங்க?"

கொலெட் போனை வைத்தாள். அடுப்புப் பக்கம் போனாள், திரும்பினாள், கதவு வரை போனாள். நடந்தபடியே மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். குப்பிகளுக்குப் போனது, சந்தா, பனிப்பொதி. இனி வராத சம்பளம். டெனிஸின் மருந்து. அத்தனை மாதமாக வரவு என்று சந்தோஷப்பட்டுக் கூட்டிவைத்த மதியச் சாப்பாடுகள், காலைச் சாப்பாடுகள், அந்த மீன்பொரியல். அவையெல்லாமே செலவுதான். ஒவ்வொன்றும் அவள் தோளிலிருந்து போயிருந்தது.

"தோத்துட்டேன்" என்றாள் டெனிஸிடம்.

"படியா?"

"மூட்டை."

அவன் வாயைத் திறந்தான். பழைய ஜோக்கு நாக்கு வரைக்கும் வந்ததை அவள் பார்த்தாள். அவன் அதை விழுங்கிவிட்டு எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்தான்.

மறுநாள் அவள் ஊர் டாக்டரிடம் குப்பியை எடுத்துக்கொண்டு போனாள். முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். அவர் திட்டவில்லை. ரத்தம் எடுத்தார், இதயத்தைப் படம் பிடித்தார், இப்போதைக்கு ஊசியை நிறுத்தச் சொன்னார், மூன்று வேளையும் கறியும் முட்டையும் தின்று பாரம் இழுக்கச் சொன்னார். மார்சியின் கதையை முழுசாகக் கேட்ட முதல் வைத்தியர் அவர்தான். "இதயம் இன்னைக்கு நல்லா இருக்கு. எடை கொஞ்சம் திரும்பும். அதுக்குப் பயந்து பட்டினி கிடக்காதீங்க" என்றார். இன்னைக்கு என்ற சொல்லிலேயே அவள் மனம் நின்றுவிட்டது.

கார் ஷெட்டில் டெனிஸ் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்தான்.

"இழு."

"உன் முதுகு?"

"முதுகு தரையிலதானே இருக்கு. எந்திரிக்கும்போதுதான் பிரச்சினை, அத அப்புறம் பாக்கலாம். நான் மயங்கின பிள்ள. இழுடி."

முதல் நாள் அவனை ஒரு சாண் நகர்த்தினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "நெருப்பு கிட்ட வந்துடுச்சும்மா" என்று முனகினான். அவள் சிரித்துச் சிரித்து, பிறகு அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். கிறிஸ்துமஸுக்கு ஷெட்டின் நடு வரைக்கும் வந்தான். தின்னத் தின்ன எடை ஏறியது. தராசில் ஏறி நிற்கும்போதெல்லாம் மார்சி தள்ளுவண்டியோடு கண்ணில் வந்தாள். இறங்கிப் போய் முட்டை பொரித்துத் தின்றாள்.

ஜனவரி கடைசி வியாழக்கிழமை படியில் மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, ஆனால் நேரத்துக்குள் முடித்தாள். மூட்டையை இழுத்தாள். அது வந்தது, முரண்டு பிடித்து, கடைசி அடி வரைக்கும். ரமோனா கையெழுத்துப் போட்டு, "மத்தியானமே உன் ரூட்ட எடுத்துக்கோ. உனக்குப் பதிலா ஓட்டினவன் தினம் அழறான்" என்றாள். யாரும் கைதட்டவில்லை. மெக்கானிக்கும் ஜோக்கடிக்கவில்லை. அவள் மறுபடி பழைய கொலெட்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்தி, மணி அடிக்கக் காத்திருந்தபோது அவளுக்குப் பசித்தது. எட்டு மாதமாகக் கேட்காத குரல். டெனிஸ் கட்டிக்கொடுத்த மான்கறி ரொட்டியைப் பிரித்தாள். பாதியோடு நிறுத்தத்தான் நினைத்தாள். இந்தச் சாப்பாடுதான் மார்சியைக் கொன்றதோ, இதுதான் தன்னைக் காப்பாற்றுகிறதோ என்று தெரியாமலே முழுவதையும் தின்று முடித்தாள். பிள்ளைகள் பனியை உதைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கதவைத் திறந்தாள்.