கடத்தியவர் அல்ல, கடத்தப்பட்டவர்

பாடாலூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது செட்டிகுளத்து முருகேசன் போன் செய்தான். "அண்ணே, நம்ம கடத்தல் செல்வராசு போயிட்டாருங்க. காலையில நெஞ்சுவலி." செத்த அன்றுகூடவா அந்தப் பட்டம்? "அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியாது. பேரை மட்டும் சொல்லு" என்றேன். சொன்னான். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை அறிந்தவர்களே, உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்து சரக்குக் கப்பலுக்குப் போனவர் செல்வராசு. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கொள்ளையர்கள் அந்தக் கப்பலைப் பிடித்து, எல்லோரையும் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். 'கப்பல் கடத்தலில் செட்டிகுளம் ஃபிட்டர் சிக்கினார்' என்று ஒரு செய்தித்தாள் தலைப்புப் போட்டது. பள்ளிக்கூடம் போகாத நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே செய்தித்தாளில்தான். ஆனாலும் அந்தத் தலைப்பை மன்னிக்கவில்லை. தங்கம் கடத்துகிறவனுக்கும் கடத்தப்பட்டுக் கிடக்கிறவனுக்கும் ஒரே சொல்லா?

அவரை மீட்டுத் தரச் சொல்லி அவர் மனைவியோடு நானும் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில், "கப்பல்ல பறக்கிறது வேற நாட்டுக் கொடிங்க, நாங்க என்ன பண்றது?" என்றார்கள். வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட், முதலாளி இன்னொரு நாட்டில் இருக்கிறார் என்றான். மற்றோர் இடத்தில், "என்னம்மா சரக்கு கடத்துனாரு?" என்றே கேட்டார்கள். அந்தம்மா எழுந்து வெளியே வந்துவிட்டார்.

செல்வராசு மீண்டு வந்த பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். "போர்க்கப்பல் எதுவும் வரலையா தம்பி?"

"வந்துச்சுண்ணே. எங்களை மேல்தளத்துல வரிசையா நிக்க வச்சு, பின்னாடி துப்பாக்கியோட நின்னானுங்க. எங்களைச் சுடாம அவனுங்கள எப்படிச் சுடுறது? திரும்பிப் போயிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல."

வேறொரு கொள்ளைக் கூட்டம் போர்க்கப்பலிடம் பிடிபட்ட கதையையும் அவரே சொன்னார். "எந்த நாட்டுக் கோர்ட்டும் அந்தக் கேசு எங்களுக்கு வேணாம்னுடுச்சாம். சோறு தண்ணி குடுத்து கரையில எறக்கி விட்டுட்டாங்களாம். அவனுங்கள விட்டாச்சு. என்னையத்தான் ஊர்ல இன்னும் விசாரிக்கிறானுங்க."

உடையார்பாளையத்தில் அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போனோம். மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலையை மென்றபடி, "தப்பா நெனைக்காதீங்க. கப்பல்ல என்னத்தக் கடத்துனீங்க?" என்றார்.

"என்னையத்தாங்க" என்றார் செல்வராசு.

அவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கொண்டுபோன பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்கண்ணே. புள்ளைய இங்க அடைச்சு வைக்க வேணாம்."

துக்க வீட்டிலும் யாரோ அந்தப் பட்டத்தைச் சொன்னார்கள். அந்த மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பெரியப்பா, இன்னைக்காவது நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

உடையார்பாளையத்தில் செல்வராசு பழத்தட்டோடு எழுந்த அந்த எழுச்சியை நான் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய கோபத்தையும் சேர்த்து. கருமாதிக்கு வருகிறவர்கள் கப்பல் ஃபிட்டர் செல்வராசு வீடு எது என்று கேட்டு வாருங்கள். வேறு பெயர் சொல்லி வருகிறவர் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். வாசலில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.