ஞானசெல்வி வெட்டிய காத்திருப்பு

தேனியில் பஸ் ஏறும் ஞானசெல்வி, கம்பத்தில் இறங்குவதற்காக உத்தமபாளையத்திலேயே எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுவாள். "ஒக்காரும்மா, பஸ்ஸும் ஒங்கூடத்தான வருது" என்று கண்டக்டர்கள் சொல்லிச் சலித்துவிட்டார்கள். நின்றுகொண்டு போனால் பஸ் கொஞ்சம் வேகமாகப் போகும் என்பது அவள் கட்சி.

சும்மா இருப்பது எதுவானாலும் அவளுக்கு ஆகாது. அடுத்தவர் பேச்சை அவளே முடித்துவைப்பாள், பெரும்பாலும் தப்பாக. குக்கர் தானாக அடங்கும்வரை பொறுத்ததே இல்லை. கரண்டிக் காம்பால் விசிலைத் தூக்கி, அடுப்படிச் சுவரெல்லாம் பருப்பு. "தாலி கட்டயிலயே பந்திக்கு எல போட்டாச்சான்னு கேட்டவ எம் மருமக" என்று மாமியார் மொக்கம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் பாதி புகார், பாதி பெருமை.

கணவர் ராக்கப்பன் கம்பத்தில் பட்டறை வைத்து, திராட்சைத் தோட்டங்களுக்குத் தானியங்கி மோட்டார் பெட்டி செய்து கொடுக்கிறார். கரண்ட் வந்ததும் பெட்டியே மோட்டாரைப் போட்டுவிடும். தோட்டக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லுக்குக் கட்டளை எழுதுவது ஞானசெல்வி. மதுரையில் எம்.சி.ஏ. படித்தவள். எழுதிய கட்டளையைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும் அவளுடைய கைவேலைதான். அதன்மேல் அவளுக்கு இருக்கும் பாசத்தைப் பார்த்து ராக்கப்பனுக்குச் சில நாள் பொறாமையாகக்கூட இருக்கும்.

2008 கோடையில் அந்தக் கம்பைலருக்கு ஒரு புதுப் புத்தி சொல்லிக் கொடுத்தாள்: வீண் வேலையைக் கண்டால் வெட்டி எறி. சில்லுக்குப் போகும் நிரல் பாதியாகச் சுருங்கியது. பட்டறைக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். சுருளிப்பட்டித் தோட்டங்களில் இருந்த பெட்டிகளுக்கெல்லாம் அந்தப் புது நிரலையே ஏற்றிவிட்டு வந்தாள்.

மறுவாரம் சுருளிப்பட்டித் தோட்டக்காரர் கோட்டைச்சாமி வந்து நின்றார். காய் பருக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாத திராட்சைக்காரர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "தாயி, கரண்டு வந்த நிமிசமே அம்புட்டு மோட்டாரும் ஒண்ணா எந்திரிக்குது. டிரான்ஸ்பார்மர்ல பீஸு நிக்க மாட்டேங்குது. லைன்மேன் எங்களப் போட்டு வையிறாக."

நிரலைப் பிரித்துப் பார்த்தாள். முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்டியும் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால், தனக்கென்று வைத்த எண் வரைக்கும் சும்மா எண்ணிக்கொண்டிருக்கும். மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழட்டும் என்று அவளே செய்த ஏற்பாடு. எண்ணுவதைத் தவிர அந்த இடத்தில் வேறெதுவும் நடக்காததால், கம்பைலர் அதை வீண் என்று வெட்டி எறிந்துவிட்டது. தாயைப் போலப் பிள்ளை.

"பழசையே திருப்பிப் போட்டுருவோம் செல்வி" என்றார் ராக்கப்பன்.

"கேசரி தின்னவுக மூஞ்சியில எப்படி முழிக்க?"

செய்த மாற்றத்தை எடுக்க மனம் வராமல் அதற்கு ஒரு விதிவிலக்கு வைத்தாள். அது இன்னொரு இடத்தில் இடித்தது. அதற்கும் ஒரு விலக்கு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஒட்டுப்போட்ட நிரலைப் பெட்டிகளில் ஏற்றிய கொஞ்ச நாளில் கோட்டைச்சாமி மறுபடியும் வந்தார். "முந்தி முந்திரிக்கொட்ட மாதிரி முந்துச்சு. இப்ப மோட்டாரு கண்ணே முழிக்க மாட்டேங்குது. காயெல்லாம் சுருங்குது தாயி."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஞானசெல்விக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கம்ப்யூட்டருக்குப் போனவள், விதிவிலக்குகளையும் அவற்றைப் பெற்றெடுத்த மாற்றத்தையும் வேரோடு எடுத்துவிட்டு, பழைய கம்பைலரையே திரும்ப வைத்தாள். நிரல் பழையபடி பருத்தது. "எளைச்ச ஒடம்பு தேறிருச்சு போல" என்று பட்டறையில் யாரோ சொன்னார்கள். அவள் காதில் வாங்காதது போலப் பையைத் தூக்கிக்கொண்டு ராக்கப்பனின் வண்டியில் ஏறினாள்.

சுற்றுத் தோட்டப் பெட்டிகளுக்கெல்லாம் பழைய நிரலை ஏற்றிவிட்டு, கடைசியாகக் கோட்டைச்சாமி தோட்டத்துப் பெட்டிக்கும் ஏற்றினார்கள். கரண்ட் வந்தது. பெட்டியில் விளக்கு எரிந்தது, மோட்டார் அசையவில்லை. மேலத் தோட்டத்தில் ஒரு மோட்டார் உறுமியது. சற்றுப் பொறுத்து அதற்கடுத்த தோட்டத்தில் ஒன்று. கோட்டைச்சாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை, பெட்டியின் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"இருங்க பெரியப்பா. நம்ம மொற வரட்டும்."

சொல்லிவிட்டு, பெட்டியை முதுகால் மறைத்து நின்றுகொண்டு, உதடு அசைய ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள் ஞானசெல்வி.